கண்டவரும் காண மறுத்தவரும்

பிறநாட்டுத் தலைவர் ஒருவரைப் பற்றி நாம் கொள்ளும் அபிப்பிராயம் எங்கிருந்து பிறக்கின்றது? அயலூரில் வாழும் ஒருவரை உள்ளவாறு அறிதலே அரிது. அங்ஙனமாகக் கடலுக்கப்பால் வேற்றுமொழி பேசும் மக்களை ஆளும் ஒருவரை நாம் அறிவதெவ்வாறு? அதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று கேள்வி, பத்திரிகையும் வானொலியும் படமும் தருவது. மற்றையது காட்சி; நேரிற் சென்று பழகினோர் பெறுவது. கேள்வியிற் பிழை நேரலாம் என்பதை யாவரும் ஒப்புவர். காட்சியிலும் பிழை நேரும் என்பதை ஒப்புவோர் சிலரே. "என் கண்ணாற் கண்டேன்" என ஒருவர் கூறியதும் வாதம் முடிந்துவிடுகின்றது. ஆயின், "கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்ற நம் பழமொழி காதுக்கு முன்னே கண்ணையே ஐயத்துக்குரியதாக வைத்தது. அதன் காரணத்தை ஒரு வரலாற்று நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்கொண்ட தலைவர் இத்தாலியின் முசோலினி. அவரைப் பற்றித் தீர்ப்புக்கூற நேர்ந்தவர் மூவர்: கவிஞர் தாகூர், காந்தியடிகள், ஜவகர்லால் நேரு. மூவரும் ஈழநாட்டவர்க்குப் புதியவரல்லர். தாகூர் 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளிலும், காந்தியடிகள் 1927 இலும், நேரு ஓய்வு நாடி 1931 இலும் இங்கு வந்து சென்றனர். மூவரும் அறிவிற் சிறந்தவர்; விலைக்கு வாங்கப்படாதவர். ஆதலின் இவர்கள் எய்திய மயக்கமும் தெளிவும் நமக்குப் பாடமாதற்குரியன.

முசோலினி ஆட்சிக்கு வந்தது 1922 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில். 1924 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10 ஆந் திகதி, பாராளுமன்றத்தில் அவரைத் துணிந்து கண்டித்த சோசலிச உறுப்பினர் மத்தியோத்தி கடத்தப்பட்டுக் கொலையுண்டார். அடுத்த ஆண்டில் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக வாயடைக்கப்பட்டன. மிலான் நகரின் புகழ்பெற்ற 'கொரியரே டெல்லா சேரா'வை நடத்திவந்த அல்பெர்த்தினி 1925 ஆம் ஆண்டு நவம்பரில் அதனை விட்டு நீங்க நேர்ந்தது. ஆகவே, 1926 இல் இத்தாலியின் பத்திரிகை ஒன்றை வாசித்தவன் அரசாங்கத்தின் குரலைக் கேட்டானேயன்றி நாட்டின் குரலைக் கேட்டானல்லன்.

இத்தகைய நாட்டுக்கே 1926 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தாகூர் விருந்தினராய்ச் சென்றார். அதற்கு முன்னரே நிலம் பண்படுத்தப்பட்டிருந்தது. உரோமாபுரிப் பல்கலைக்கழகத்து வடமொழிப் பேராசிரியர் போர்மிக்கி விசுவபாரதிக்கு வந்து கற்பித்தார். தூச்சி என்ற இளம் அறிஞரும் வந்தார். அவர்களுடன் முசோலினியின் பரிசாக இத்தாலிய நூற்றொகுதி ஒன்றும் வந்து சேர்ந்தது. பொருள் முட்டுப்பாட்டுடன் தம் கலாநிலையத்தை நடத்திவந்த ஒருவருக்கு இக்கொடையினும் மனத்தைக் குளிர்விப்பது யாது? நன்றியுணர்வு உயர்ந்த குணமே. எனினும், நன்றியுணர்வுடன் நோக்கும் கண் பழுதினைத் தேடுவதில்லை.

நேப்பிள்ஸ் துறையில் இறங்கிய கவிஞர் அரச மரியாதையோடு உரோமாபுரிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மே 31 ஆந் திகதி முசோலினியைக் கண்டார். தாம் கவிஞரின் நூல்களை இத்தாலிய மொழிபெயர்ப்பில் வாசித்து மகிழும் அன்பர் என்று தலைவர் கூறினார் என்பர். கவிஞரின் சொற்பொழிவுக்கும் வந்து அமர்ந்தார். முசோலினியின் ஆளுமை கவிஞரைக் கவர்ந்தது. அதனை அவர் பின்னரும் மறைத்தாரல்லர். ஆயினும் தாகூருக்கு இத்தாலிய மொழி தெரியாது. உடன் சென்று மொழிபெயர்த்தவர் போர்மிக்கியே. கவிஞர் கேட்டதும் அவர் வாயிலாக. கவிஞர் கூறியது மக்களைச் சென்றடைந்ததும் அவரும் பத்திரிகைகளும் வகுத்த வழியிலேயாம். இத்தாலியின் இயற்கையழகையும் மக்களின் அன்பையும் கவிஞர் புகழ்ந்தவையெல்லாம் பாசிச ஆட்சிக்குக் கிடைத்த நற்சான்றாக அச்சேறின.

ஒரேயொரு சாளரம் மாத்திரம் சிறிது திறந்தது. தத்துவ அறிஞர் குரோச்சேயைக் காணவேண்டுமென்று கவிஞர் விரும்பினார். குரோச்சே 1925 ஆம் ஆண்டு மே மாதம் வெளியான பாசிச எதிர்ப்பு அறிஞரின் அறிக்கையை எழுதியவர். அவர்களிருவரின் சந்திப்பு எளிதில் நிகழவில்லை. வெளியே தெரியாவண்ணம் ஒழுங்குசெய்ய வேண்டியதாயிற்று. தன் நாட்டின் தலைசிறந்த அறிஞனை விருந்தினனுக்குக் காட்ட அஞ்சும் அரசு எத்தகைய அரசு என்ற வினா கவிஞருள்ளத்தில் அப்பொழுதே எழுந்திருத்தல் வேண்டும். அவ்வினா அங்கே எழுந்ததாகத் தெரியவில்லை என்பதே தாகூர்மீது நாம் கூறக்கூடிய வலிய குறை.

இத்தாலியை விட்டுச் சுவிற்சலாந்து சென்று, வில்நேவ் என்னும் ஊரிற் பிரெஞ்சு அறிஞர் ரொமேன் ரோலந்தோடு தங்கியபோதுதான் கவிஞர் தெளியத் தொடங்கினார். தம் பெயரால் இத்தாலியிற் பரப்பப்பட்டது யாது என்பதை அங்கே அறிந்தார். அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பின்னர் சூரிச் நகரிற் பேராசிரியர் சல்வதோரியின் மனைவியாரைக் கண்டு உரையாடினார். பாசிசரால் தாக்கப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறியவர் அப்பேராசிரியர். இரண்டு கிழமைக்கு மேல் இத்தாலியில் வாழ்ந்தும் காணாத இத்தாலியை, இத்தாலிக்கு வெளியே ஓர் அகதிக் குடும்பத்தின் வாய்மொழியிலே கவிஞர் கண்டார். அதன்பின் அன்பர் சி. எப். அன்றூஸுக்கு எழுதிய கடிதம் ஓகஸ்ற் மாதத் தொடக்கத்தில் 'மான்செஸ்ரர் கார்டியன்' பத்திரிகையில் வெளிவந்தது. கருத்துரிமையை நசுக்கி வன்முறையால் நடக்கும் இயக்கத்தைத் தாம் ஆதரித்தல் இயலாதென அதிலே அறிவித்தார். நேற்றுவரை அவரைப் போற்றிய இத்தாலியப் பத்திரிகைகள் அன்றே தூற்றத் தொடங்கின.

இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதுவோர் சிலர் பழி முழுவதையும் பத்திரிகைகள்மேற் சுமத்திக் கவிஞரை விடுவிப்பர். வேறு சிலர் கவிஞர் புகழுரைக்கு மயங்கினார் என இகழ்வர். இரண்டும் பொருந்தா. பத்திரிகைகள் இட்டுக்கட்டுதற்கு வேண்டிய முதற்பொருளைத் தந்தது கவிஞரின் சொந்த அனுபவமே. அவர் முசோலினியை மெய்யாகவே வியந்தார். அவ்வனுபவமோ தானாக விளைந்ததன்று, விருந்தளித்தவரால் விளைவிக்கப்பட்டது. காட்சியும் கேள்வியும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து ஒத்தால், ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகும். இரண்டும் ஒருவர் கையிலிருந்தே வந்தால், அவை ஒத்திருப்பதிற் பயனில்லை. ஒரே சாட்சி இருமுறை கூண்டில் ஏறியதனால் வழக்கு நிலைபெறுமா?

காந்தியடிகளின் அனுபவம் இதனை வேறொரு பக்கத்திலிருந்து விளக்கும். வட்டமேசை மகாநாடு முடிந்து திரும்பும்போது அவரும் ரோலந்தைக் கண்டார், எச்சரிக்கையும் பெற்றார். அதன்பின் 1931 ஆம் ஆண்டு டிசம்பரில் உரோமாபுரியில் முசோலினியைச் சந்தித்தார். 'ஜோர்னாலே டி இத்தாலியா' என்ற பத்திரிகை, அடிகள் அளித்த பேட்டி எனக் கூறி ஒன்றை வெளியிட்டது. இங்கிலாந்துக்கு எதிரான போராட்டத்தை மீண்டும் தொடங்கவே அவர் இந்தியா திரும்புகின்றார் என்பது அதன் சாரம். அத்தகைய பேட்டி எதனையும் தாம் அளிக்கவில்லை என அடிகள் கப்பலிலிருந்து மறுத்தார். பொய் விரைந்து பரவ, மறுப்புப் பின்னே சென்றது.

இங்கு நாம் வியப்புடன் நோக்கவேண்டியது, அதே கப்பலிலிருந்து அடிகள் ரோலந்துக்கு எழுதிய கடிதமாகும். முசோலினி தமக்கு ஒரு புதிராயிருக்கின்றார் என்றும், அவர் செய்த சீர்திருத்தங்கள் பல தம்மைக் கவர்கின்றன என்றும், குடியானவர்க்கு நன்மை செய்தவராகத் தோன்றுகின்றார் என்றும் எழுதினார். இரும்புக்கரம் உண்டென்பதையும் அவர் மறக்கவில்லை. ஆனால் மேனாட்டுச் சமுதாயம் முழுவதுமே வன்முறையின்மேல் நிற்பது என்று அமைதி கூறினார். பத்திரிகையின் பொய்யைத் தம்மளவில் நேரே கண்டவர், தமக்குக் காட்டப்பட்ட நாட்டை அதே ஐயத்தோடு நோக்கவில்லை. கேள்வியை மறுத்த அவரையும் காட்சி ஓரளவு வென்றது.

மூன்றாமவர் நேரு. 1936 ஆம் ஆண்டு பெப்ருவரி 28 ஆந் திகதி அவர் மனைவியார் கமலா சுவிற்சலாந்தில் மறைந்தார். துயரத்தோடு நாடு திரும்பும் வழியில் விமானம் உரோமாபுரியில் நிற்கவேண்டியிருந்தது. முசோலினி காண விரும்புகின்றார் என்ற அழைப்பு வந்தது. அப்பொழுது அபிசீனியாவில் இத்தாலியப் படை போர் நடத்திக்கொண்டிருந்தது. உலக விவகாரங்களிற் பெரும்பங்கு கொண்ட மனிதர் எத்தகையவர் என்று நேரிற் கண்டறியும் விருப்பம் தமக்கும் உண்டு என்பதை நேரு தம் 'இந்தியாவின் கண்டுபிடிப்பு' நூலில் ஒப்புக்கொள்கின்றார். எனினும் அச்சந்திப்புப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தப்படும் என அஞ்சினார். காந்தியடிகளின் பொய்ப் பேட்டியையும் நினைவுகூர்ந்தார். உரோமாபுரியில் அதிகாரிகள் நெடுநேரம் வற்புறுத்தியும் இசைந்தாரல்லர்.

காணாமலே தீர்ப்புக்கூறுவது நீதியாகுமா என ஒருவர் வினாவலாம். பொதுவில் ஆகாது. ஆனால் நேரு அறியாமையால் மறுத்தவரல்லர். அபிசீனியாவில் நிகழ்ந்த செயல் உலகறிந்ததாய்க் கிடந்தது. அதனை ஓர் இன்சொல்லும் ஒரு கைகுலுக்கலும் மாற்றமாட்டா. முகம் கூறுவதைக் காட்டிலும் செயல் கூறுவதையே அவர் சான்றாகக் கொண்டார். செயலை அறியாது முகத்தைக் காண மறுத்திருப்பின், அதனைப் பிடிவாதம் என்றே நாம் கூறியிருப்போம்.

இம்மயக்கம் கீழ்நாட்டுப் பெரியார்க்கே உரியதென எண்ணுதல் வேண்டா. முதலாம் உலகப்போரில் இங்கிலாந்தின் பிரதமராய் விளங்கிய லொயிட் ஜோர்ஜ், அரசியற் சூழ்ச்சிகளில் ஊறியவர். அவர் 1936 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹிற்லரைக் கண்டு திரும்பி, 'டெயிலி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் அவரை வானளாவப் புகழ்ந்தார். ஜேர்மனி பிறநாட்டின்மேற் படையெடுக்க விரும்பவில்லை என்றும் உறுதி கூறினார். மூன்றாண்டு கழிய, போலந்தின்மேல் ஜேர்மன் படை பாய்ந்தது. அவருக்கு மொழிபெயர்ப்பாளரும் வரவேற்பும் குறைவின்றிக் கிடைத்தன. கிடையாதது, அந்நாட்டுச் சிறைகளில் இருந்தோரின் சொல்.

இவற்றால் நாம் அடையும் முடிபு யாது? பத்திரிகையை வெறுத்தொதுக்குதல் முடிபன்று. தாகூரின் மயக்கத்தைப் பெருக்கியதும் பத்திரிகை. அவர் தெளிவை உலகுக்கு அறிவித்ததும் பத்திரிகையே. ஒன்று கட்டுண்டது, மற்றையது கட்டற்றது என்பதே வேறுபாடு. பயணத்தை வெறுத்தலும் முடிபன்று. ஒரு தலைவரைப் பற்றி நன்றோ தீதோ கொள்ளுமுன், "எனக்கு இதனைக் காட்டியவர் யார்? எனக்குக் காட்டப்படாதவர் யார்?" என்ற இரு வினாக்களை எழுப்பவேண்டும். விருந்துக்கு அழைக்கப்படாதவனுடைய சொல்லைக் கேளாது விருந்தின் சிறப்பைப் பேசுதல் தகாது.

இன்று கையடக்கமான கருவியொன்றிலே பிறநாட்டுத் தலைவர்கள் நாள்தோறும் நம்மோடு சிரித்துப் பேசுகின்றனர். நேரிற் கண்டாற்போன்ற எண்ணம் நமக்கு எளிதில் உண்டாகின்றது. தாகூருக்கு நேப்பிள்ஸ் துறையில் அளிக்கப்பட்ட வரவேற்பு இன்று நம்மில் ஒவ்வொருவர்க்கும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றது. நாம் யாரைப் போற்றினும் அதனால் என்ன வந்துவிடும் என நினைத்தல் கூடாது. கவிஞரின் புகழுரை அச்சேறிய நாட்களில், இத்தாலியில் ஒடுக்கப்பட்டிருந்தோர் அதனை எவ்வாறு வாசித்திருப்பர் என எண்ணிப் பார்த்தால், தூரத்திலிருந்து கூறும் புகழும் ஒருவரைத் துன்புறுத்தும் என்பது விளங்கும்.

மூவரில் யார் உயர்ந்தவர் என வினவும் மாணவர்க்கு ஒன்று கூறி அமைவாம். ஏமாறாதிருந்த நேருவின் விழிப்பு போற்றத்தக்கது. ஆயினும் ஏமாந்தபின், உலகப் புகழின் உச்சியில் நின்றுகொண்டே, "நான் கண்டது முழுமையன்று" எனப் பலரறிய உரைத்த கவிஞரின் நேர்மை அதனினும் அரிது. கண்டதை நம்புதல் எவர்க்கும் எளிது. நம்பியதை ஆராய்ந்து, பிழையெனிற் கைவிடுதலே கற்றதன் பயனாகும்.