ஒரு மாலைக் கதை

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டார்கள். கதை வருஷக் கணக்கில் நீளலாம், அது நாவல். விளையாட்டுக் கடை மேஜையில், முன்பின் அறியாத ஐந்து பேரைக் கூட்டி, நாலு மணி நேரத்தில் முடிப்பதும் உண்டு, அது சிறுகதை.

இந்தச் சிறுகதையை நடத்துகிறவர்களில் பலர் நாவலாசிரியர் மனோபாவத்தோடு உட்காருகிறார்கள் என்பது என் கட்சி. ராஜ வம்சத்தின் பூர்வ கதையிலேயே முதல் மணி கழிந்துவிடுகிறது. கடை சாத்தும் வேளை நெருங்கியதும் முடிவையும் தாமே சொல்லி எழுந்துவிடுகிறார்கள். பகடை உருட்டியவனுக்கு அதில் என்ன பங்கு?

பாத்திரங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். ஆபத்தின் நடுவிலேயே ஆரம்பிக்கலாம். முடிவை மட்டும் எழுதி வைக்கலாகாது. ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009-ல் வெளியிட்ட 'ஃபியாஸ்கோ'வில் நடத்துகிறவர் என்று ஒருவருமே கிடையாது. ஆயினும் ஒரே மாலையில் கதை முடிந்துவிடுகிறது. கதை கட்டுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது சற்று உறைக்கத்தான் செய்கிறது.

விருந்துக்கு அழைத்து, இலையும் போட்டுவிட்டு, நாமே சாப்பிட்டு எழுந்துவிட்டால் எப்படி?