உருவாரமும் கோயில்காடும்: பூச்சிகளின் நிலத்தைக் காத்த கூட்டுக் கலை

உருவாரம் என்பது வேண்டுதலின் பொருட்டுத் தெய்வத்தின் முன் வைக்கப்படும் சுடுமண் உருவம். மாடு, கன்று, குதிரை, நாய், குழந்தை, கை, கால், கண் எனப் பல வடிவங்களில் இது செய்யப்படுகிறது. கொங்கு நாட்டில் உருவாரம் என்ற சொல் பெருவழக்காக உள்ளது. புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் குதிரை உருவத்தைப் புரவி என்பர்.

நாட்டுப்புறக் கலை பற்றிய நூல்கள் பெரும்பாலும் உருவாரத்தைத் தனிச் சிற்பமாகவே பேசுகின்றன. அதன் வனைப்பு, வண்ணம், உயரம் ஆகியவை விரிவாக எழுதப்படுகின்றன. அது நிற்கும் காடு பின்னணியாக மட்டும் குறிப்பிடப்படுகிறது. இக்கட்டுரை உருவாரத்தையும் கோயில்காட்டையும் சேர்த்து ஒரே கூட்டுக் கலைப்படைப்பாக மதிப்பிடுகிறது. அவ்வாறு பார்த்தால், இக்கலை காத்த நிலத்தில் அதிகம் பயன்பெற்றவை பூச்சிகள். மண் உருவங்களின் இடத்தில் சிமெண்ட் உருவங்கள் வந்தபோது அதிகம் இழந்தவையும் அவையே.

செய்முறையும் செய்வோரும்

பெரிய உருவாரம் தனி ஒருவரின் படைப்பு அன்று. புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் விழாவுக்கு முன் ஊரார் கூடி ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பர். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். அதன் பின்னரே வேலை தொடங்கும். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, கால், உடல், கழுத்து, தலை எனப் பகுதி பகுதியாக வனைந்து சேர்ப்பர். உருவத்தின் உட்பகுதி கூடாக இருக்கும். சுடும்போது வெடிக்காமல் இருக்கத் துளைகள் விடப்படும். கண் திறப்புச் சடங்கு முடிந்ததும் ஊரார் புரவிகளைச் சுமந்து சென்று ஐயனார் கோயிலில் இறக்கி வைப்பர். புதுக்கோட்டைக்கு அருகில் நமுணசமுத்திரத்தில் இவ்வாறு வைக்கப்பட்ட குதிரைகள் வரிசை வரிசையாக நிற்பதை இன்றும் காணலாம்.

கொங்கில் கையடக்கமான உருவாரங்களே மிகுதி. உடுமலைப்பேட்டை அருகே சோமவாரப்பட்டியில் உள்ள ஆல்கொண்டமால் கோயிலில், தைப்பொங்கலை ஒட்டி நடக்கும் விழாவில் உழவர்கள் மாடு, கன்று உருவாரங்களை வைக்கின்றனர். கால்நடைகள் நோயின்றி இருக்க வேண்டும் என்பதே வேண்டுதல். ஒருவர் வைப்பது சிறு பொம்மைதான். ஊர் ஊராக வந்து வைக்கும்போது அது பெரும் தொகுதியாகிறது. எந்த மாடு யாருடையது என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

காட்டைக் காக்கும் வழக்கங்கள்

கோயில்காட்டின் கட்டுப்பாடுகள் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆயினும் பொதுவாக மூன்று வழக்கங்களைச் சொல்லலாம். முதலாவது, புதிய உருவாரம் வைத்தாலும் பழையதை அகற்றுவதில்லை. உடைந்தது அங்கேயே கிடந்து மண்ணாக வேண்டும். இரண்டாவது, காட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை. பச்சை மரத்தை வெட்டுவது மட்டுமல்ல, காய்ந்த சுள்ளியைப் பொறுக்குவதும் பல ஊர்களில் தவறு. மூன்றாவது, விழா நாளில் கூட்டம் வரும், மற்ற நாள்களில் ஆள் நடமாட்டம் அரிது.

இந்த வழக்கங்களை ஊருக்கு நினைவூட்டும் அடையாளமாக உருவாரம் இருந்தது. வேலியும் பலகையும் இல்லாத நிலத்தில், பாதி உடைந்த மண்குதிரையைக் கண்டவர் அது சாமியின் இடம் என்று அறிந்து விலகினார். விழாதோறும் புதிய உருவம் வந்ததால் அந்த எல்லை மறக்கப்படவில்லை.

பூச்சிகளுக்குக் கிடைத்தவை

பூச்சிகளுக்கு வேண்டியவை பெரும்பாலும் மனிதர் குப்பை என்று கருதும் பொருள்கள். காய்ந்த கொம்பு, உதிர்ந்த சருகு, வெற்று மண், களைச்செடி ஆகியவை அவற்றின் உணவும் வீடும் ஆகும். மரத்தச்சன் தேனீ பட்ட மரத்தைத் துளைத்துக் கூடு அமைக்கிறது. பொன்வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்கிறது. மண்குளவிக்கு மழை படாத பொந்தும் இடுக்கும் தேவை. கூடாக உள்ள சுடுமண் உடலும் அதன் துளைகளும் இத்தகைய உயிர்களுக்கு இடம் தருகின்றன.

கொங்கின் வறண்ட நிலச் செடிகளும் இவ்வாறே. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்கிறது. ஆவாரை வேறு சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு உணவு. பருவமழையை ஒட்டிச் சமவெளிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே கூட்டமாக வலசை செல்லும் வண்ணத்துப்பூச்சிகள் கோவை, மேட்டுப்பாளையம் பகுதிகளைக் கடக்கின்றன. இவற்றுள் ஆண் பூச்சிகள் காய்ந்த கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளில் மொய்த்து ஒரு வகை வேதிப்பொருளை உறிஞ்சுகின்றன. பெண் பூச்சியைக் கவரும் மணம் அதிலிருந்தே உருவாகிறது. இச்செடிகள் பூந்தோட்டத்தில் நடப்படுபவை அல்ல. யாரும் களை எடுக்காத நிலத்தில் மட்டுமே அவை காய்ந்து நிற்க முடியும்.

காரமடையும் புற்றும்

கோவை மாவட்டத்தின் காரமடை, அரங்கநாதர் கோயிலாலும் மாசி மகத் தேரோட்டத்தாலும் அறியப்படும் ஊர். காரை என்னும் முட்செடியே ஊர்ப்பெயரின் முதற்பகுதி. கோயிலின் தலமரமும் அதுவே. பசு ஒன்று காரைப் புதரில் பால் சொரிந்ததால் சுயம்புத் திருமேனி வெளிப்பட்டது என்பது தலக்கதை. பசு புற்றின் மேல் பால் சொரிந்த கதை கொங்கின் வேறு பல கோயில்களிலும் வழங்குகிறது.

இக்கதைகளில் தெய்வம் வெளிப்படும் இடம் புதரும் புற்றும் என்பது கவனிக்கத்தக்கது. புற்று கறையான்கள் கட்டியது. மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் கறையான்கள் எழுப்பும் அக்கட்டடத்தின் உள்ளே காளான் தோட்டம் உண்டு. மழைக்குப் பின் ஈசல் புறப்படுவதும் அதிலிருந்துதான். வீட்டில் கறையானை அழிப்பவரும் கோயிலில் மஞ்சள் பூசிப் புற்றை வணங்குகிறார். பூச்சி கட்டிய உருவமும் குயவர் வனைந்த உருவமும் ஒரே இடத்தில் மதிக்கப்பட்டன. கொங்கின் கோயில்காட்டுக் கலைக்கு இது தனிச் சிறப்பு.

சிமெண்ட் வந்த பிறகு

கடந்த சில பத்தாண்டுகளில் பல ஊர்களில் சுடுமண் உருவங்களின் இடத்தில் சிமெண்ட் உருவங்கள் வந்துள்ளன. அவை உயரமானவை. பளிச்சென்ற வண்ணம் பூசப்பட்டவை. உள்ளே பொந்து இல்லை. முக்கியமான வேறுபாடு, அவை அழிவதில்லை என்பதே. அழியாத உருவத்தை மீண்டும் செய்ய வேண்டியதில்லை. எனவே பிடிமண் கொடுப்பதும் ஊர் கூடிச் சுமப்பதும் தேவையற்றவை ஆகின்றன. குயவர் குடும்பங்கள் வேலையை இழக்கின்றன.

சிமெண்ட் உருவத்தைத் தொடர்ந்து மேடையும் தளக்கல்லும் தகரக் கூரையும் வாகன நிறுத்தமும் வருகின்றன. சுற்றியுள்ள புதர் அழுக்காகத் தோன்றத் தொடங்குகிறது. திருப்பணி என்ற பெயரில் நிலம் சுத்தம் செய்யப்படுகிறது. பக்தி குறையவில்லை, கோயில் முன்பைவிடப் பெரிதாகிறது, காடு மட்டும் சுருங்குகிறது. பகைவர் யாரும் இல்லாமல், அன்பினாலேயே இந்த இழப்பு நேர்வதால் அதைச் சுட்டிக்காட்டுவதும் கடினம்.

பிற நாட்டு முயற்சிகள்

நிலத்தைக் காக்கும் கலை மேலை நாடுகளில் அண்மைக் காலத்தில் தனித் துறையாக வளர்ந்துள்ளது. ஜெர்மனியின் காசல் நகரில் யோசப் பாய்ஸ் 1982-இல் தொடங்கிய 7000 ஓக் மரங்கள் திட்டம் 1987-இல் நிறைவுற்றது. ஒவ்வொரு மரத்தின் அருகிலும் ஒரு கருங்கல் தூண் நடப்பட்டது. இங்கிலாந்தின் ஈடன் திட்டத்தில் 2021-இல் அலெக்சாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்க் அமைத்த தோட்டம், மனிதக் கண்ணுக்கு அன்றி மகரந்தம் பரப்பும் பூச்சிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. எந்தச் செடியை எங்கே நடுவது என்பதைக் கணினி நிரல் தீர்மானிக்கிறது. பொதுமக்களும் இணையம் வழியாகத் தம் தோட்டத்தை அவ்வாறு வடிவமைக்கலாம்.

கோயில்காட்டுக்கு இன்னும் நெருக்கமானது கனடாவின் பீட்டர் வான் டீசன்ஹாசனின் முயற்சி. எரிவாயுக் குழாய்கள் தம் நிலத்தில் புகாமல் தடுக்க, நிலம் முழுவதும் தம் கலைப்படைப்பு என அவர் பதிப்புரிமை கோரினார். அங்கே ஒரு வெள்ளை மரவேலியை ஆண்டுக்கு 8 அடி என நீட்டிவருகிறார். பழைய பகுதிக்கு மீண்டும் வண்ணம் பூசுவதில்லை. ஆண்டுதோறும் புதியது சேர்வதும் பழையது மங்கிச் சாய்வதும் உருவாரத்திலும் உள்ளவை. வேறுபாடு, அங்கே காப்பவர் ஒருவர், இங்கே ஓர் ஊர்.

மாற்றுக் கருத்துகள்

உருவாரம் வைத்தவர் பூச்சியை நினைக்கவில்லை, ஆகவே இதைச் சூழலியல் கலை என்பது பிற்காலக் கற்பனை என்று ஒரு மறுப்பு உண்டு. நோக்கத்தைப் பொறுத்தவரை அது சரியே. உழவர் வேண்டியது மாட்டின் நலத்தை. ஆனால் ஒரு கலை என்ன செய்கிறது என்பதை நோக்கத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. வெட்டாமல் விட்ட நிலம் கண்முன் உள்ளது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. கோயில்காடு எல்லோருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை. சில இடங்களில் சாதியும் பாலும் நுழைவைத் தீர்மானித்தன. உருவத்தை வனைந்தவருக்கு விழா நாளில் மரியாதை கிடைத்தாலும் கூலி போதுமானதாக இருக்கவில்லை. கூட்டுக் கலை என்று புகழும்போது இதை மறைக்கக் கூடாது. அச்சத்தால் காக்கப்பட்ட காடு, அச்சம் நீங்கியதும் காவலற்றுப் போகும் என்பதும் உண்மை.

மதிப்பீடு

அச்சம் குறைந்த இடத்தைச் சட்டம் ஓரளவு நிரப்பக்கூடும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி மாநில அரசு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து, பல்லுயிர் பாரம்பரியத் தலங்களை அறிவிக்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டி வீரகோயில் காடு 2025-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 5 ஹெக்டேருக்குச் சற்றே குறைவு. சிறு காடும் காக்கத் தகுந்தது என்பதற்கு இது சான்று. எனினும் அறிவிப்பு நிலத்தைக் காக்குமேயன்றி, ஊரை ஆண்டுதோறும் அங்கே அழைத்துவராது. அதை உருவாரம் செய்தது.

உருவாரக் கலையை மீட்க விரும்புவோர் பெரும்பாலும் கண்காட்சி, பயிற்சிப் பட்டறை, அருங்காட்சியகம் ஆகியவற்றை நாடுகின்றனர். இவை குயவருக்கு வருவாய் தருவதால் வரவேற்கத்தக்கவை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ள குதிரை இக்கலையின் பாதிதான். மறுபாதி, அது உடைந்து மண்ணாகும் நிலம். மீண்டும் மண்ணால் செய்வது, பழையதை அகற்றாமல் விடுவது, சுற்றியுள்ள புதரைக் கோயிலின் பகுதியாகவே கருதுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் மீட்பு முழுமை பெறும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. திருப்பணிக் குழு தளக்கல் பரப்பும் எல்லையைச் சில அடி முன்னதாக நிறுத்திக்கொண்டால், மழைக்காலத்தில் ஈசல் புறப்பட அங்கே மண் இருக்கும்.