புகைக்கல்லும் புகையென்னும் ஏதுவும்

மணிமேகலையின் 29-ஆங் காதையில், அறவண அடிகள் வாயிலாகச் சாத்தனார் அளவை நெறியினை விரித்துரைத்தனர். அக்காதை காவியச் சுவைக்குப் புறம்பான வறள்நிலமென்றும், புறச்சமயத்தார் அளவை சைவர்க்கு வேண்டற்பாலதன்றென்றும் இருதிறத்தானும் இகழ்வாருளர். முன்னையது ஒருவாறு ஒக்கும். செய்யுள் ஆண்டுச் சூத்திரம்போல இறுகியே நடக்கின்றது. பின்னையது ஒவ்வாது.

அக்காதை கூறும் அநுமானம் யாவரும் அறிந்ததே. இம்மலை நெருப்புடைத்து, புகையுடைமையான், அடுக்களைபோல. நெருப்பில்லாவிடத்துப் புகையும் இல்லை, புனல்போல. மாணாக்கர் இதனைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பர். ஒப்பித்துப் பழகிய எடுத்துக்காட்டின் பொருள் மழுங்குமாதலின், கண்கூடான ஓரிடத்து இதனை வைத்து நோக்குதல் நன்று. தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டத்தில் காவிரி அருவியாய் வீழுமிடம் ஒகேனக்கல். கன்னடத்தில் ஒகே என்பது புகை. கல் என்பது பாறை. பாறையில் மோதிய புனல் நுண்டிவலையாய் எழுந்து, சேய்மைக்கண் புகையெனவே தோன்றும். புகைக்கு மறுதலையாக நூலார் காட்டிய புனலே ஈண்டுப் புகைபோல நிற்றல் வியப்பன்றோ!

அதுகண்டு ‘ஆண்டுத் தீயுளது’ என ஒருவன் துணிவானாயின், வழு யாண்டையது? நெருப்பின்றிப் புகையில்லை என்னும் வியாத்தி பழுதெனின், அற்றன்று. அச்சட்டகம் செவ்விதே. புகையென்று தெளியப்படாததனைப் புகையென ஏதுவாக்கினமையே வழு. ஆவியோ பனியோ என்னும் ஐயம் நீங்காமுன் புகையெனக் கொண்டு நெருப்பினைத் துணிதலைச் சாத்தனார் சித்தாசித்தம் எனப் பெயரிட்டு ஏதுப்போலியுள் வைத்தனர். ஒகேனக்கல்லை நோக்கியே கூறினாற்போலும் இது!

ஆயினும் ஐயம் களையும் நெறியை அவர் அவ்விடத்து விரித்திலர். போலிகளை எண்ணி மேற்செல்கின்றார். 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் ஐயமும் திரிவும் காட்சியளவையினின்று முதற்கண் நீக்கி, அதன் பின்னரே கருதலளவைக்கு வருகின்றார். கண்டது தெளிந்தாலன்றிக் கருதுதற்கு இடமில்லை. அருவியின் அருகு செல்வான் மெய்யில் திவலை பட, ஏது தானே வீழும்.

அருணந்தியார் கூறும் ஏது இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்று. புகை காரிய ஏதுவாம். இம்மூவகைப் பகுப்போ பௌத்த ஆசிரியராகிய தருமகீர்த்தி நூல்களிற் காணப்படுவது! பரபக்கத்துப் பௌத்தரை நால்வகையாக நிறுத்தி மறுத்தவரே, அளவையுள் அவர் பகுப்பினைத் தழுவ நாணிற்றிலர். பிற்காலத்தார் நாணுவதேன்? 1898-இல் மணிமேகலையை அச்சிட்டளித்த உ. வே. சாமிநாதையரும், திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவரே.