அரிதாரமும் அகமும்: செந்தூர், குலசைச் சூரசம்கார நிகழ்த்துதலும் தொலைக்காட்சிப் புனைவில் எதிர்நாயகன் ஒப்பனையும்

ஆய்வுச்சுருக்கம்

எதிர்நாயகனின் உள்ளத்தை முகப்பூச்சின் வழி உணர்த்துவது தொலைக்காட்சி மாயப் புனைவுகளின் பொது உத்தி. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் ஆண்டுதோறும் நிகழும் இரு சூரசம்காரங்களும் இதே சிக்கலை வேறு வகையில் கையாளுகின்றன. திருச்செந்தூரின் தலைமாற்றத்தையும் குலசேகரன்பட்டினத்தின் வேடமரபையும் தொலைக்காட்சி ஒப்பனையுடன் ஒப்பிட்டு, தீமையை நிறத்தோடு பிணைக்கும் போக்கை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

குறிச்சொற்கள்: ஒப்பனை, மெய்ப்பாடு, சூரசம்காரம், குலசை தசரா, தொலைக்காட்சிப் புனைவு

முன்னுரை

உள்ளத்து நிகழ்ச்சி காண்போர்க்குப் புலனாகுமாறு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் இலக்கணப்படுத்துகிறது. மெய்ப்பாடு கணந்தோறும் மாறும். ஒப்பனையோ ஆட்டம் தொடங்குமுன்பே முகத்தில் எழுதி முடிக்கப்படுவது. நிலைத்த பூச்சு, மாறும் மனத்தை எவ்வாறு காட்டும் என்பதே இங்கு எழும் வினா.

இதற்கு நிகழ்த்துகலைகள் பல விடைகளைக் கண்டுள்ளன. பரதரின் நாட்டிய சாத்திரம் சுவைகளுக்கு நிறம் வகுத்து, ரௌத்திரத்திற்குச் சிவப்பையும் பயானகத்திற்குக் கருப்பையும் உரியனவாக்கியது. கதகளியில் இராவணன், துரியோதனன் போன்றோர்க்கு உரிய கத்தி வேடத்தில் முகத்தின் அடிநிறம் பச்சை. அது நாயகர்க்கும் உரிய நிறமே. அதன்மேல் தீட்டப்படும் சிவப்புக் கீற்றுகளே செருக்கைச் சுட்டுகின்றன. ஒரே முகத்தில் மேன்மையையும் வீழ்ச்சியையும் வைத்துப் பார்க்க இம்மரபு இடந்தருகிறது.

செந்தூர்: தலை மாறும் சூரன்

கந்தசஷ்டியின் ஆறாம் நாளில் திருச்செந்தூர்க் கடற்கரையில் சுவாமி ஜெயந்திநாதர் சூரனை எதிர்கொள்கிறார். யானைமுகத் தாரகன், சிங்கமுகன், சூரபதுமன் என அசுர உருவின் தலை அடுத்தடுத்து மாற்றப்படுகிறது. இறுதியில் மாமரமும் சேவலும் தோன்றுகின்றன. இங்கு வண்ணத்திற்கு முதன்மை இல்லை. மனநிலை மாற்றத்தை, தலையையே மாற்றிக் காட்டுவது இந்நிகழ்த்துதலின் முறை.

சைவ விளக்க மரபு தாரகனை மாயையாகவும் சிங்கமுகனைக் கன்மமாகவும் சூரபதுமனை ஆணவமாகவும் கொள்ளும். இவ்வாறு கொள்ளும்போது மூன்று தலைகளும் ஓர் உயிரின் மூன்று கட்டுகளாகின்றன. ஆயினும் தலையை மட்டும் கண்டு உள்ளத்தை அளந்துவிட இயலாது என்பதற்குக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணமே சான்று. சீற்றத்தின் உருவாகத் தோன்றும் சிங்கமுகன்தான் தேவர்களைச் சிறைவிடுமாறு தமையனுக்கு அறிவுரை கூறுகிறான். அறிவுரை மறுக்கப்பட்டபின் உடன்பிறப்புக் கடமையால் போரிட்டு மடிகிறான். சிங்கத் தலைக்குள் நீதியுணர்வு இருப்பதைக் காவியம் அறிந்தே அமைத்திருக்கிறது.

முடிவும் கருதத்தக்கது. பிளவுண்ட சூரன் மயிலும் சேவலும் ஆகி முருகனின் ஊர்தியாகவும் கொடியாகவும் நிலைபெறுகிறான். சைவ சித்தாந்தத்தில் ஆணவம் அழிவதில்லை. வலி குன்றி அடங்குகிறது. இறுதி உருமாற்றம் இக்கோட்பாட்டின் காட்சி வடிவமாகிறது.

குலசை: கருமையின் இரு பொருள்

திருச்செந்தூருக்குத் தெற்கே, பழைய துறைமுகப்பட்டினமான குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா நவராத்திரிக் காலத்தில் நடைபெறுகிறது. நேர்ந்துகொண்டோர் மாலை அணிந்து, விரதமிருந்து, காப்புக் கட்டி, காளி, குறவர், குரங்கு, அரசர் எனப் பல வேடங்கள் புனைகின்றனர். ஊர் ஊராகச் சென்று பெறும் காணிக்கையைக் கோயிலில் செலுத்துகின்றனர். விசயதசமி இரவில் கடற்கரையில் மகிஷாசுரன் சிங்கம், எருமை முதலிய தலைகளுடன் அம்மனை எதிர்த்து வீழ்கிறான்.

இவ்விழாவில் காளி வேடமே கண்ணையும் கருத்தையும் மிகுதியாக ஈர்ப்பது. சடைமுடி, வெளிநீண்ட நாக்கு, கோரப்பல், கரிய அல்லது நீல முகம் என்பன அதன் கூறுகள். தனியே பிரித்து நோக்கின் இவையனைத்தும் அரக்கருக்கும் பொருந்துவன. ஆனால் இங்கு அவை அரக்கனை அழிப்பவளின் அடையாளங்கள். எனவே கருமை தன்னளவில் தீமையைக் குறிப்பதில்லை. யார், எந்த நோன்பின் பின்புலத்தில், எவர் முன் பூணுகிறார் என்பதே அதற்குப் பொருள் தருகிறது. காப்பு அவிழ்த்தபின் வேடமும் களைகிறது. பூண்டவரின் பிறவிக்குணமாக அதை எவரும் கருதுவதில்லை.

தொலைக்காட்சி: அண்மைக்காட்சியின் ஒப்பனை

கடற்கரையில் பல்லாயிரவர் தொலைவிலிருந்து காண்பதால் உருவம் பெரிதாக வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சியில் அண்மைக்காட்சி முகத்தின் நுண்மையையும் காட்டுவதால் படிப்படியான ஒப்பனை இயல்கிறது. 2011 முதல் 2018 வரை ஒளிபரப்பான ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ என்னும் அமெரிக்கத் தொடரில் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் முதலில் மகனைக் காக்கத் துடிக்கும், நூல் நூற்கும் கோழை. இருள்மந்திரத்தின் ஆற்றலை ஏற்றதும் அவன் தோல் செதில்பட்டுப் பொன்மினுக்கம் கொள்கிறது. அச்சம் அதிகாரமாக மாறியதைத் தோலே பேசுகிறது. அதே பாத்திரம் இக்கால நகரில் பூச்சற்ற முகத்துடன் வாழ்ந்தும் சூழ்ச்சியை விடவில்லை. இவ்விடத்தில் அத்தொடர் ஒப்பனைக்கும் உள்ளத்திற்கும் இடையிலான எளிய சமன்பாட்டைத் தானே உடைக்கிறது.

தமிழ்த் தொலைக்காட்சியில் 2017இல் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய ‘தமிழ்க் கடவுள் முருகன்’ கந்தபுராணக் கதையை இல்லங்களுக்குள் கொணர்ந்தது. புராண, மாயத் தொடர்களின் பொதுவழக்கில் அசுரர்க்குக் கருமை கூட்டிய மேனியும் அடர்ந்த கண்மையும் தேவர்க்கு வெளிறிய மேனியும் அமைகின்றன. இவ்வொப்பனை மனநிலையைக் காட்டுவதினும் குலத்தைக் காட்டுகிறது. பாத்திரம் எண்ணத் தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. சிங்கமுகனின் அறிவுரைக்கு அம்முகத்தில் இடமில்லை. மாநிறத்தையும் கருநிறத்தையும் இயல்பாகக் கொண்ட மக்களிடம் அன்றாடம் சென்று சேரும் ஊடகம் இவ்வாறு செய்வதை வெறும் அழகியல் குறையாகக் கொள்ள இயலாது.

முடிவுரை

எதிர்நாயகனின் ஒப்பனை, அவனுள் நிகழும் மாற்றத்தைப் பின்தொடரும்போது மெய்ப்பாட்டை அணுகுகிறது. மாறாத நிறமாக உறையும்போது முத்திரையாகச் சுருங்குகிறது. செந்தூர்ச் சூரன் தலைகள் மாறி அருளில் முடிகிறான். குலசையில் கரிய முகம் தெய்வத்தின் முகமாகிறது. தமிழ்த் தொடர்களின் ஒப்பனைக் கலைஞர்கள் தேட வேண்டிய மாற்று இலக்கணம் இக்கடற்கரையில் ஆண்டுதோறும் கண்முன் நிகழ்கிறது. நாட்டார் நிகழ்த்துதலையும் ஊடகத்தையும் ஒருங்குவைத்து ஆராய்வது அவ்விலக்கணத்தை வகுக்கத் துணைபுரியும்.