தாளில் போகும் அறிவும் கையில் போகும் அறிவும்

எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஒருவரின் ஆய்வை எடைபோட இன்று முதலில் எடுக்கப்படும் தராசு மேற்கோள் எண்ணிக்கை. அவருடைய கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு இந்தக் கணக்கை ஒரே எண்ணாகச் சுருக்கியது. குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவரிடம் 20 இருந்தால் அவருடைய குறியீடு 20. இந்தத் தராசு பொய் சொல்வதில்லை. ஆனால் அது நிறுப்பது தாள்வழியே பரவும் அறிவை மட்டும்தான். அறுவை மருத்துவத்தில் பாதி அறிவு கைவழியே பரவுகிறது. அந்தப் பாதியை நிறுக்க இந்தத் தராசில் தட்டு இல்லை.

ஸ்பெயினின் மெனோர்கா தீவில் 1914இல் பிறந்து, உள்நாட்டுப் போருக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, 1941இல் அமெரிக்காவின் ஐயோவாவுக்கு வந்து சேர்ந்த இக்னாசியோ பொன்செட்டியின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று. அவர் இரண்டு துறைகளில் ஆழமாக உழைத்தார். ஒன்று முதுகெலும்புப் பக்கவளைவு. ஸ்டூவர்ட் வைன்ஸ்டைனுடன் சேர்ந்து 1983இல் அவர் வெளியிட்ட கட்டுரை, எலும்பு வளர்ச்சி முடிந்த பிறகும் எந்த வளைவு கூடும், எது அப்படியே நிற்கும் என்பதைப் பல்லாண்டுத் தொடர் கண்காணிப்பின் வழியே காட்டியது. 30 பாகைக்குக் குறைந்த வளைவுகள் பெரும்பாலும் கூடவில்லை. 50 பாகையைத் தாண்டியவை கூடிக்கொண்டே போயின. இதைப் படித்த மருத்துவர் மறுநாளே தன் நோயாளிக்குப் பயன்படுத்தலாம். அத்துறையில் அக்கட்டுரை ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தப் புகழ் நியாயமானது. இங்கே தராசு சரியாகவே நிறுத்தது.

மற்றது பிறவி வளைபாதம். 1940களின் இறுதியில் பொன்செட்டி வகுத்த முறையில் குழந்தையின் பாதத்தை வாரந்தோறும் மெல்லத் திருத்தி மாவுக்கட்டுப் போடுவார்கள். ஐந்தாறு கட்டுகளுக்குப் பின், தேவைப்பட்டால் குதிகால் தசைநாணைச் சிறிதாக வெட்டி விடுவார்கள். பிறகு சில ஆண்டுகள் இரவில் பட்டையிட்ட காலணி. யூஜின் ஸ்மோலியுடன் சேர்ந்து 1963இல், துறையின் முதன்மை இதழிலேயே இதன் பலன்களை அவர் வெளியிட்டார். இருந்தும் ஐயோவாவுக்கு வெளியே அந்த முறையைக் கையாண்டவர்கள் மிகச் சிலர். 1971இல் வின்சென்ட் டர்கோ விவரித்த விரிவான அறுவைதான் பரவலாகக் கையாளப்பட்டது. மாவுக்கட்டு பழைய வைத்தியமாகத் தோன்றியது ஒரு காரணம். இன்னும் ஆழமான காரணம், எந்த எலும்பை எந்த விரலால் அழுத்த வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதைப் படித்துக் கற்பது கடினம் என்பது. பிழையாகச் செய்தவர்களுக்குப் பலன் கிட்டவில்லை. பலன் கிட்டாதவர்கள் முறையையே சந்தேகித்தார்கள்.

‘தாமதமானாலும் உண்மை வென்றதே, தராசு தன்னைத் தானே திருத்திக்கொண்டதே’ என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். கூப்பரும் டீட்ஸும் 1995இல் வெளியிட்ட முப்பதாண்டுப் பின்தொடர்தலில், பொன்செட்டியிடம் சிகிச்சை பெற்ற 45 பேரில் 78 விழுக்காட்டினரின் கால்கள் நன்றாகவோ மிக நன்றாகவோ இருந்தன; பிறவிக் குறையே இல்லாதவர்களில் அந்த அளவு 85 விழுக்காடு. அதன் பிறகு, பெற்றோர் இணையத்தில் தமக்குள் செய்தி பரப்பியதும் சேர்ந்துகொள்ள, 1963ஆம் ஆண்டுக் கட்டுரை தேடிப் படிக்கப்பட்டது. ஆனால் இடைப்பட்ட முப்பதாண்டில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தத் திருத்தம் உதவவில்லை. விரிவான அறுவைக்கு ஆளானவர்களில் பலருக்கு நடுவயதில் பாதம் விறைத்து மூட்டு தேய்ந்ததை 2006இல் வந்த ஆய்வு காட்டியது. பலன் தெரியவே கால் நூற்றாண்டு ஆகும் துறையில், சில ஆண்டு மேற்கோள்களை வைத்துத் தீர்ப்பெழுதுவது காய்க்குமுன் மரத்துக்கு விலை சொல்வதாகும்.

இன்னொரு மறுப்பு வலுவானது: எண்ணை விட்டால் சிபாரிசும் செல்வாக்கும் புகுந்துவிடும். அந்த அச்சம் நியாயமானது. பின்புலம் இல்லாத இளைய மருத்துவருக்கு எண் ஓரளவு காவல்தான். அதனால் எண்ணை எறிய வேண்டியதில்லை. அது சொல்லாததையும் சேர்த்துக் கேட்டால் போதும். நோயாளிகள் எத்தனை ஆண்டு பின்தொடரப்பட்டார்கள்? அதே முறையைப் பிற கைகள் செய்தபோதும் பலன் வந்ததா? எத்தனை பேர் அவரிடம் நேரில் கற்றார்கள்? மூன்றுக்கும் பதிலைச் சரிபார்க்க முடியும். செல்வாக்கால் அதை மாற்ற முடியாது. உகாண்டாவில் மருத்துவப் பட்டம் இல்லாத சிகிச்சை அலுவலர்களே பயிற்சி பெற்று இம்முறையைச் செய்தது, எந்தக் குறியீட்டிலும் ஏறாத ஆய்வுப் பயன். பொன்செட்டி 1984இல் ஓய்வு பெற்றபோது இக்கேள்விகளை யாரேனும் கேட்டிருந்தால் பதிலுக்கு 1995 வரை காத்திருந்திருக்க வேண்டாம். அது அப்போதே ஐயோவாவில் நடமாடிக்கொண்டிருந்தது.