போத்தலில் எழுதப்படாத அளவு

கண்டியிலிருந்து அக்குறணை வழியாக மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் நிறைந்தது. வழிகாட்டி ஒரு கறுவா இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டுவார். கராம்பு வாசம் அடிக்கும். சுற்றிப் பார்ப்பது விற்பனைக் கூடத்தில் வந்து முடியும். மூட்டுவலி, முடி உதிர்வு, தொப்பை என்று எதற்கும் அங்கே ஒரு சின்னப் போத்தல் உண்டு.

அந்த இலை பொய் சொல்லவில்லை. கறுவா இலை எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல், கராம்பெண்ணெயிலும் அதுதான். பட்டையை வடித்தால் சின்னமால்டிஹைட் மேலோங்கும், வேர்ப்பட்டையிலோ கற்பூரம். ஒரே மரத்தில் மூன்று வேறு எண்ணெய்கள். யூஜினோல் வலியை மரக்கச் செய்யும், கிருமிகளையும் அடக்கும். பல் வைத்தியர்கள் அதைத் துத்தநாக ஒக்சைட்டுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். பல்வலிக்குக் கராம்பைக் கடித்துக்கொள்ளச் சொன்ன பாட்டிமாரின் வைத்தியத்துக்குப் பின்னால் உள்ள சரக்கு இதுவே.

சின்னமால்டிஹைட் பக்டீரியாவையும் பூஞ்சணத்தையும் தடுப்பது ஆய்வுகூடங்களில் பலமுறை கண்ட உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டில் கிருமி சாவது வேறு, நோயாளி குணமாவது வேறு. விழுங்கிய எண்ணெயின் பெரும்பகுதியை ஈரல் உருமாற்றி வெளியே அனுப்பிவிடும். விற்பனைக் கூடத்தில் இந்தப் பேச்சே எழுவதில்லை. தட்டில் கண்டதை உடம்புக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை அளவு. கறிக்குப் போடும் இரண்டு கராம்பும் வடித்தெடுத்த எண்ணெயும் ஒன்றல்ல. 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை கராம்பெண்ணெய் குடித்த சிறு பிள்ளைகள் ஈரல் பழுதாகி உயிராபத்தில் கிடந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. கலக்காத கறுவாப்பட்டை எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று சொல்லி விற்பது பொறுப்பற்ற செயல்.

இலங்கைக் கறுவாவுக்கு இந்த மிகைப்பேச்சு தேவையும் இல்லை. ஈரலுக்கு ஆகாத கூமரின், கறுவாவைப் போன்ற கசியாப் பட்டையில் மிகுதி. நம்முடையதில் மிகச் சொற்பம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின்தான் தாங்கும் அளவு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வகுத்திருக்கிறது. கறுவாவைத் தினமும் உண்பவர்களுக்கு இரண்டு பட்டைக்கும் உள்ள இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது! இதைச் சொல்லி விற்றாலே பெருமை, வியாபாரமும் நடக்கும்.

ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. அதன் உதவியோடு தாவரத்தின் பெயர், வடித்த பகுதி, முதன்மைச் சேர்மம், கலக்க வேண்டிய அளவு ஆகிய நான்கையும் ஒவ்வொரு போத்தலிலும் அச்சிடச் செய்வது முடியாத காரியமல்ல. அதுவரை வாங்குபவர்கள் இந்த நான்கையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் எண்ணெயை வைத்துவிட்டு, நல்ல கறுவாப்பட்டையை வாங்கிக்கொண்டு வாருங்கள்.