யாருக்கு இடமில்லை?

நாட்டு விழா என்றதும் நம் கண்முன் நிற்பவை எவை? அணிவகுக்கும் படை, அதிரும் பீரங்கி, நிழலிலே தலைவர், வெயிலிலே மக்கள்! நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில், மே 17-இல் நான் கண்ட காட்சி வேறு. அங்கே முதலிடம் பள்ளிக் குழந்தைகளுக்கு. கையிலே கொடி, வாயிலே ஆரவாரம், அணியணியாய் இசைக்குழு! கொண்டாடப்படுவதும் போர்வெற்றியன்று, 1814-இல் எய்ட்ஸ்வோலில் இயற்றப்பட்ட அரசியல் சட்டம்.

எழுத்தாளர் பியோர்ன்சன் துணைநிற்க, 1870-இல் தோன்றிய ஊர்வலம் அது. போற்றுகிறோம். ஆனால் போற்றுதலோடு நின்றுவிடுவதா பகுத்தறிவு? தொடக்கத்தில் நடந்தோர் சிறுவர் மட்டுமே. சிறுமியர் சேர்ந்தது 1889-இல்! விழாவெடுத்துப் புகழப்படும் அந்தச் சட்டமே, யூதர் நாட்டினுள் நுழையலாகாது என்றது. கவிஞர் வெர்கெலாண்ட் வெகுண்டெழுந்தார், எழுதினார், வாதாடினார், வெற்றி காணாமலே 1845-இல் மறைந்தார். தடை தகர்ந்தது 1851-இல்.

ஆண்டுதோறும் அதே மே 17 காலையில், ஆஸ்லோ யூதர் அவர் கல்லறையிலே மலர்வளையம் வைக்கின்றனர். ஊர்வலத்தின் ஆரவாரத்தைவிட அந்த அமைதி எனக்குப் பெரிதாய்ப்பட்டது. சட்டத்தை வணங்கியவரால் அல்ல, அதன் குறையை எடுத்துரைத்தவரால் அந்த விழா மாண்புற்றது.

தோழர்களே, எந்நாட்டு ஊர்வலத்தைக் கண்டாலும் கைதட்டுங்கள். கூடவே, இங்கே யாருக்கு இடமில்லை என்றும் கேளுங்கள்!